அரியணையும் உறவும்: வரலாற்றுப் புதினத்தைப் படித்தல்

நுழையும்முன்

காட்டுமன்னார்கோயிலை ஒட்டி உடையார்குடி என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள அனந்தீசுவரர் கோயிலின் சுவரில் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. ஓர் இளவரசனைக் கொன்றவர்களின் நிலங்களைப் பறித்து விற்கும்படி அரசன் இட்ட ஆணை அது. அவ்வூரை அடுத்து வீராணம் ஏரி பரந்து கிடக்கிறது. அந்த ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கு நாளின் மாலைப்பொழுதில், ஓர் இளைஞன் குதிரைமீது வருவதாகத் தொடங்குகிறது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. கல்லும் கதையும் இத்துணை அருகருகே அமைந்திருக்கும் இடம் தமிழ்நாட்டில் அரிது. இவ்விரண்டையும் எவ்வாறு சேர்த்துப் படிப்பது, எங்கே பிரித்துப் படிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தாயாதிப் போரும் புலவர் வாக்கும்

அரசுரிமைக்காக ஒரே குடியினர் தம்முள் மோதிக்கொள்வது தமிழிலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. உறையூர்க் கோட்டையை நலங்கிள்ளி முற்றுகையிட்டபோது உள்ளே அடைபட்டிருந்தவன் நெடுங்கிள்ளி. இருவரும் சோழர். அவர்களிடையே சென்று நின்ற கோவூர்கிழார், உன்னை எதிர்ப்பவன் பனம்பூச் சூடிய சேரனல்லன், வேம்பு சூடிய பாண்டியனல்லன், உங்கள் இருவர் தலையிலும் இருப்பது ஆத்தி மாலையே என்று நினைவூட்டினார். எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்பது அவர் வாதம். அதைப் புறநானூற்றின் 45ஆம் பாடல் காட்டுகிறது.

கோப்பெருஞ்சோழன் வாழ்வில் இச்சிக்கல் இன்னும் கொடிது. அவனை எதிர்த்துப் படை திரட்டியவர்கள் அவன் பெற்ற மக்களே. சினந்து போருக்கெழுந்த அவனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்தார். அவர்களை வென்றபின் இந்நாட்டை யாருக்குக் கொடுப்பாய் என்று அவர் எழுப்பிய வினாவுக்கு மன்னனிடம் விடையில்லை. அவன் வடக்கிருந்து உயிர் நீத்தான். சிலப்பதிகாரத்திலோ அண்ணன் செங்குட்டுவன் மனம் வருந்தாதிருக்க, இளங்கோ அரசைத் துறந்ததாகக் கூறப்படுகிறது. உரிமைக்காகப் போரிடுவோர், உரிமையை விட்டுக்கொடுப்போர், இருவருக்கும் நடுவே நின்று அறிவுரை கூறுவோர் என்னும் மூவகை மாந்தரையும் நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பிற்காலத்து வரலாற்றுப் புதினங்கள் அவர்களுக்கு முகமும் குரலும் தந்தன.

உரைநடையில் இம்முயற்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. திருக்கோணமலையைச் சேர்ந்த தி.த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட ‘மோகனாங்கி’ தமிழின் முதல் வரலாற்றுப் புதினமாகக் கருதப்படுகிறது. நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்டது அந்நூல். எனினும் வரலாற்றுப் புதினத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தவர் கல்கி என்னும் ரா. கிருஷ்ணமூர்த்தியே (1899–1954). பல்லவர் காலத்தைப் ‘பார்த்திபன் கனவி’லும் ‘சிவகாமியின் சபதத்தி’லும் எழுதிய அவர், ‘கல்கி’ இதழில் 1950ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை ‘பொன்னியின் செல்வனை’த் தொடராக எழுதினார். புதுவெள்ளம், சுழற்காற்று, கொலைவாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்கள். ஓவியர் மணியம் வரைந்த முகங்களோடு வாரந்தோறும் வந்த அத்தொடருக்காகக் காத்திருந்த தலைமுறையினர் அதன் மாந்தரைத் தம் வீட்டு உறவினரைப்போல் பேசத் தலைப்பட்டனர். இப்பழக்கம்தான் இன்று நம்மை ஒரு சிக்கலில் நிறுத்தியிருக்கிறது. நந்தினி சோழ வரலாற்றில் வாழ்ந்த பெண் என்று நம்புவோர் உளர். பழுவூருக்குச் செல்பவர் அங்கே அவள் மாளிகையைத் தேடினால் கிடைக்காது. கிடைப்பவை பழுவேட்டரையர் காலத்துக் கோயில்களும் கல்வெட்டுகளுமே.

சோழர் குடியில் எழுந்த சிக்கல்

புதினத்தைத் திறப்பதற்குமுன் அக்குடியின் வழிமுறையை அறிதல் வேண்டும். முதற்பராந்தகன் கி.பி. (பொ.ஆ.) 907இல் அரியணை ஏறி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்காலம் ஆண்டான். அவனுடைய மூத்த மகன் இராசாதித்தன் 949இல் தக்கோலப் போர்க்களத்தில் யானைமீது இருந்தவாறே மாண்டான். ஆகவே அடுத்த மகன் கண்டராதித்தன் அரசனானான். சிவநெறியில் தோய்ந்த இவன் திருவிசைப்பாப் பாடியவன். செம்பியன் மாதேவியின் கணவன். இவன் மறைந்தபோது மகன் மதுராந்தகன் சிறு குழந்தை. குழந்தையிடம் நாட்டை ஒப்படைக்க இயலாத நிலையில் தம்பி அரிஞ்சயன் முடிசூடினான். அவன் ஆட்சி குறுகியது. அவனுக்குப்பின் அவன் மகன் சுந்தரசோழன் அரசனானான். சுந்தரசோழனுக்கு ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி என்னும் மூன்று மக்கள்.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. மூத்தவன் மகன் மதுராந்தகன் இப்போது வளர்ந்துவிட்டான். அவன் சிறுவனாக இருந்ததால்தான் அரசு இளைய கிளைக்குச் சென்றது. அதற்காக அவன் உரிமை அழிந்துவிடுமா? அன்றி ஆளும் மன்னனின் மகனுக்கே அரசு என்பதா? இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரு தரப்பு முழுக்கத் தீயது, மறுதரப்பு முழுக்க நல்லது என்று பிரித்துவிட முடிந்தால் அது கதைக்கும் உதவாது, வரலாற்றுக்கும் பொருந்தாது. கல்கி இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே அவருடைய கூர்மை தெரிகிறது.

பாண்டியன் தலைகொண்டவன் என்று புகழ்பெற்ற ஆதித்த கரிகாலன் இளவரசுப் பட்டம் சூட்டப்பெற்றிருந்தான். அவன் கொலையுண்டான். அவனுக்குப்பின் அரியணை ஏறியவன் தம்பி அருள்மொழி அல்லன்; சிறிய தந்தை முறையினனான மதுராந்தகனே. அவன் உத்தமசோழன் என்னும் பெயரோடு ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆண்டான். அதன்பின் 985இல்தான் அருள்மொழி முதலாம் இராசராசனாக முடிசூடினான்.

கல்லும் செப்பேடும் சொல்வன

உடையார்குடிக் கல்வெட்டு இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசன் விடுத்த ஆணை அது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராயன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராயன் முதலியோரின் பெயர்களை அது கூறுகிறது. பிரமாதிராயன் என்பது அரசுப் பணியில் உயர்ந்த அந்தணர் பெறும் பட்டம். எனவே கொலையாளிகள் எங்கோ காட்டில் மறைந்திருந்த கூட்டத்தினரல்லர். அரசனின் பட்டம் பெற்று, அரண்மனைக்கு நெருக்கமாக இருந்தவர்கள். கல்கியின் இரவிதாசனோ ஆந்தைக்குரல் கொடுத்துக் காடுகளில் திரியும் மந்திரவாதி. பெயரைக் கல்லிலிருந்து எடுத்துக்கொண்ட எழுத்தாளர், ஆளை மாற்றிவிட்டார். இரவு நேரத்து அச்சத்திற்கும் சதிக்கும் அந்த உருவமே ஏற்றது என்று அவர் கருதியிருக்கலாம். கதைக்கு அது வலிமை. ஆனால் பட்டம் பெற்ற ஓர் அதிகாரி ஏன் துரோகியானான் என்னும் வினா அதனால் மறைந்துபோகிறது. அவ்வினாவை வாசகர் தாமே மீட்டெடுக்க வேண்டும்.

இக்கல்வெட்டினை அடிப்படையாகக் கொண்டு வரலாற்றறிஞர் இருவர் எதிரெதிர் முடிவுக்கு வந்தனர். கே.ஏ. நீலகண்ட சாத்திரியார், கொலைக்குப்பின் உத்தமசோழன் நெடுங்காலம் ஆண்டும் குற்றவாளிகளின் சொத்து பறிக்கப்படாமல், இராசராசன் வந்தபின்னரே பறிக்கப்பட்டதைச் சுட்டி, உத்தமசோழனுக்கு இக்கொலையில் பங்கிருக்கலாம் என்று ஐயுற்றார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இத்தகைய கொடுஞ்செயலில் உத்தமசோழன் ஈடுபட்டிருந்தால் இராசராசன் அவனிடம் நாட்டை விட்டுக்கொடுத்திருப்பானா, குடிமக்கள்தாம் பொறுத்திருப்பார்களா என்பது மறுப்பின் சாரம். பஞ்சவன் என்னும் சொல் பாண்டியரைக் குறிப்பதால், வீரபாண்டியனைக் கொன்றதற்குப் பழிவாங்கும் செயலாக இது இருக்கலாம் என்னும் கருத்தும் வழங்குகிறது.

இவ்விருவர் கருத்தையும் மாணவர் எடைபோட்டுப் பார்க்கலாம். கல்வெட்டு சொல்வது நிலம் விற்கப்பட்ட செய்தியை. கொலையாளிகள் எப்போது பிடிபட்டனர், எப்போது தண்டிக்கப்பட்டனர் என்பதை அது சொல்லவில்லை. நில விற்பனை பிந்தியது என்பதனால் தண்டனையும் பிந்தியது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஓர் ஆவணம் எதற்காக எழுதப்பட்டதோ அதை மட்டுமே உறுதியாகச் சொல்லும். ஏனையவை நம் ஊகம். ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் இறந்த ஒருவனைக் கொலைக்கு உடந்தையானவன் என்று சொல்லும்போது அவன் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. அதனாலேயே கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

இராசேந்திரசோழன் காலத்தில் வெளியிடப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி இந்நிகழ்ச்சிகளைக் கவிதை நடையில் கூறுகிறது. ஆதித்தன் விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் சென்றான் என்று அவன் மரணம் மறைவாகச் சுட்டப்படுகிறது. குடிமக்கள் வேண்டியும், தன் சிறிய தந்தைக்கு நாட்டில் விருப்பம் உள்ளவரை அருள்மொழி அரசை மனத்தாலும் விரும்பவில்லை என்று அது புகழ்கிறது. இதை எழுதியவர் அருள்மொழியின் மகனுடைய அவைப்புலவர் என்பதையும் சேர்த்து நினைத்தல் வேண்டும்.

கதை நிரப்பும் இடம்

கொலை நடந்தது, காரணம் தெரியவில்லை. இளையவன் விட்டுக்கொடுத்தான், மனநிலை தெரியவில்லை. கல்லும் செப்பேடும் இவ்வாறு விட்டுவைத்த வெற்றிடங்களில்தான் ‘பொன்னியின் செல்வன்’ கட்டப்பட்டுள்ளது. நல்ல வரலாற்றுப் புதினம் அறியப்பட்ட உண்மையோடு மோதுவதில்லை. அறியப்படாத இடத்தில் குடியேறுகிறது.

இங்கே கல்கி செய்த தேர்வுகள் கவனிக்கத்தக்கவை. கரிகாலன் கொலை கடம்பூர் மாளிகையில் நிகழ்வதாக அமைக்கிறார். அவ்வறையில் நந்தினி இருக்கிறாள், பெரிய பழுவேட்டரையர் இருக்கிறார், வந்தியத்தேவன் இருக்கிறான், பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளும் மறைந்திருக்கின்றனர். விளக்கு அணைகிறது. இருளில் இளவரசன் வீழ்கிறான். எவர் கைப்பட்டு அவன் இறந்தான் என்பதை ஆசிரியர் அறுதியிட்டுக் கூறாமலே விடுகிறார். வாரந்தோறும் விடையை எதிர்பார்த்த வாசகருக்கு இது ஏமாற்றம் தந்திருக்கலாம். ஆனால் வரலாற்றறிஞரே உடன்படாத ஒன்றைக் கதாசிரியர் தீர்ப்பாக எழுதவில்லை என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது. இருள் அங்கே வெறும் உத்தியன்று, நாணயமும் ஆகும்.

மற்றொரு தேர்வு இன்னும் துணிவானது. உத்தமசோழனைக் கல்கி இரண்டாகப் பிளந்துவிடுகிறார். மதுராந்தகன் என்னும் பெயரில் வளர்ந்து, சிற்றரசர்களின் தூண்டுதலால் அரசுக்கு ஆசைப்படுபவன் உண்மையான மதுராந்தகன் அல்லன் என்றும், கோயிலுக்கு மலர்த்தொண்டு புரிந்து வாழும் சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவி பெற்ற மகன் என்றும் கதை திரும்புகிறது. இதற்கு வரலாற்றுச் சான்று எதுவுமில்லை. இந்தத் திருப்பத்தைச் சிலர் மிகை என்பர். அக்கருத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதன் பயன் என்ன என்று பார்த்தல் வேண்டும். சாத்திரியார் ஐயத்தின் நிழல் விழுந்திருந்த உத்தமசோழனை இத்திருப்பம் முற்றிலும் விடுவிக்கிறது. பேராசை போலி மதுராந்தகனோடு போய்விடுகிறது. அரியணையில் அமர்பவன் ஆசையற்றவன். அருள்மொழி தன் தலைக்கு வந்த மகுடத்தை அவன் தலையில் சூட்டும்போது வாசகர் மனம் உறுத்தலின்றி ஏற்றுக்கொள்கிறது. வரலாற்றில் அவ்விட்டுக்கொடுத்தல் எத்துணைக் கசப்போடு நிகழ்ந்ததோ! கதை அக்கசப்பை வடிகட்டித் தருகிறது. வாசகர் அதை அறிந்தே பருகலாம்.

யாருடைய கண்களால் காண்கிறோம்?

புதினத்தைப் படிப்போர் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்து செல்வது இவ்வினாவை. கதையின் தொடக்கத்தில் நம்மை அழைத்துச் செல்பவன் வாணர்குலத்து வந்தியத்தேவன். அவன் ஆதித்த கரிகாலனின் தூதன். கரிகாலன் அளித்த ஓலைகளை இடையில் வைத்திருப்பவன். பின்னர்க் குந்தவையின்பால் நெஞ்சைப் பறிகொடுப்பவன். கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்கள் நள்ளிரவில் கூடிப் பேசுவதை அவன் ஒட்டுக் கேட்கிறான். அவனோடு நாமும் கேட்கிறோம். சுவருக்கு இப்பால் நின்று கேட்பவனுக்கு அப்பால் பேசுவோர் அனைவரும் சதிகாரராகவே தோன்றுவர்.

உண்மையில் அவர்கள் பேசியது என்ன? மூத்த கிளையின் மகனுக்கு அரசுரிமை வேண்டும் என்பது. அது துரோகமா, வழக்கா? சோழ நாட்டுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போரிட்ட குலத்தைச் சேர்ந்தவர் பெரிய பழுவேட்டரையர். அறுபத்து நான்கு விழுப்புண்களை மார்பில் தாங்கியவர் என்று கல்கி அவரை அறிமுகப்படுத்துகிறார். நாட்டின் நிதி அவர் கையில். தஞ்சைக் கோட்டையின் காவல் அவர் தம்பி கையில். தம்பியின் மகளை மணந்தவன் மதுராந்தகன். எனவே அவர்கள் வாதத்தில் நாட்டு நலமும் மருமகன் நலமும் பிரிக்கமுடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. தம்மிடம் உள்ளது கடமையா, குடும்பப் பாசமா என்பது அவர்களுக்கே தெரியாது. அரண்மனைகளில் மட்டுமா இவ்வாறு? ஊர்ப் பொதுக்காரியங்களிலும் இக்கலப்பைக் காணலாம்.

கதை வளர வளர, கல்கி நம் பார்வையை மெல்லத் திருப்புகிறார். தொடக்கத்தில் அச்சமூட்டிய பெரிய பழுவேட்டரையர், முதுமையில் கொண்ட காதலால் ஏமாந்த மனிதராகத் தெரிகிறார். அண்ணனை எச்சரிக்கவும் முடியாமல், எதிர்க்கவும் மனமில்லாமல் தவிக்கும் சின்னப் பழுவேட்டரையரின் நிலை அதைவிட இரங்கத்தக்கது. அண்ணன்மீது கொண்ட மதிப்பினால் அவர் அடக்கிக்கொள்ளும் சொற்கள் பல. தம் மனைவி பாண்டிய நாட்டுச் சதிக்குத் துணைபோனவள் என்று அறிந்த முதியவர், அதைத் தடுக்கத் தம் உடலைக்கூடப் பொருட்படுத்தாமல் ஓடிவருகிறார். இறுதியில் தம் கையாலேயே உயிர் துறக்கிறார். புதினத்தை இரண்டாம் முறை படிப்போர், முதற்பாகத்தின் நள்ளிரவுக் கூட்டத்தை வேறு மனநிலையில் படிப்பர். அப்போது அவர் குரலில் ஆணவம் மட்டுமன்றி அச்சமும் கேட்கும்.

கரிகாலனும் இவ்வாறே. வீரபாண்டியனின் தலையைக் கொண்டது வரலாறு தரும் பெருமை. அந்தப் பெருமையையே அவன் நெஞ்சை அரிக்கும் நோயாகக் கல்கி மாற்றுகிறார். உயிர்ப்பிச்சை கேட்டு மன்றாடிய நந்தினியின் குரல் அவனை உறங்கவிடுவதில்லை. காஞ்சியில் தந்தைக்காகப் பொன்மாளிகை கட்டுகிறான். தந்தையோ தஞ்சையை விட்டு வர இயலாத நோயாளி. தங்கை தம்பியர்மீது அன்புடையவனே. எனினும் கடம்பூருக்குப் போகவேண்டாம் என்று குந்தவை விடுத்த செய்தியை அவன் ஏற்கவில்லை. தன் முடிவைத் தானே தேடிச் செல்பவன்போல் செல்கிறான்.

தாயும் தமக்கையும்

இப்புதினத்தில் அரசியலை நடத்துவோர் பெரிதும் பெண்களே. செம்பியன் மாதேவியின் நிலையை ஊன்றிப் படித்தல் வேண்டும். தன் மகன் அரசாளக்கூடாது என்று ஒரு தாயே உறுதியாக நிற்கிறாள். கணவன் விருப்பமும் சிவத்தொண்டும் அவளுக்குப் பெரியவை. மகனோ, தாய் தனக்கு வஞ்சகம் செய்வதாகக் குமுறுகிறான். இருவருக்குமிடையே நிகழும் உரையாடல்களில் ஒருவர் சொல் மற்றவர் செவியில் ஏறுவதேயில்லை. வரலாற்றுச் செம்பியன் மாதேவி தன் மகன் முடிசூடுவதைக் கண்டவள்; அவன் ஆட்சிக்காலத்தில் செங்கற்கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றியவள். கோனேரிராசபுரத்தில் கணவன் கண்டராதித்தன் பெயரால் அவள் எடுப்பித்த கோயில் இன்றும் நிற்கிறது. மகன் அரசேறுவதை அவள் எதிர்த்தாள் என்பதற்குச் சான்றில்லை. ஆனால் தாயன்பு அறத்தோடு முரணும்போது என்ன நேரும் என்பதைக் காட்ட, கல்கிக்கு அவள் தேவைப்பட்டாள்.

குந்தவையின் நிலை வேறு. இங்கே கதைக்குக் கல்வெட்டு வலுவான துணை தருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தான் அளித்தவற்றையும், தன் அக்கன் அளித்தவற்றையும், பெண்டுகள் அளித்தவற்றையும், பிறர் அளித்தவற்றையும் விமானத்துக் கல்லில் வெட்டுமாறு இராசராசன் ஆணையிட்டான். தன் பெயரை அடுத்து மனைவியரைக் கூறவில்லை, தமக்கையையே கூறினான். தன் மகளுக்கும் குந்தவை என்றே பெயரிட்டான். தஞ்சையில் இருந்த சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர்சாலை என்னும் மருத்துவமனைக்குத் தமக்கையாகிய குந்தவை கொடை அளித்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. வல்லவரையர் வந்தியதேவர் மாதேவியார் என்று அவள் குறிக்கப்படுகிறாள். இந்த ஒரு தொடரைத் தவிர அவள் கணவனைப் பற்றி அக்கல்வெட்டுகள் தருவது மிகக் குறைவு. அச்சிறு விதையிலிருந்துதான் கல்கி ஐந்து பாகங்களில் நடமாடும் வந்தியத்தேவனை வளர்த்தெடுத்தார்.

நந்தினி முழுமையாகக் கற்பனை. ஊமை ராணி மந்தாகினியும் அவ்வாறே. அரண்மனைக்கு வெளியே பிறந்து, அரண்மனை வாயிலில் தடுக்கப்பட்டவர்கள் இவர்கள். ஒருத்திக்குப் பேச்சு இல்லை. மற்றவள் பேச்செல்லாம் நஞ்சு. குடும்பப் பாசம் என்று சோழர் போற்றும் அந்த வளையத்திற்குள் இடம் பெறாதோர் அப்பாசத்தை எவ்வாறு காண்பர் என்பதை இவ்விருவர் வழியாகவே புதினம் கேட்கிறது. நந்தினியைக் கொடியவள் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் புதினத்தின் பாதியை இழப்பர். 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்னம் இக்கதையை இரு திரைப்படங்களாக எடுத்தபோதும் மக்கள் பெரிதும் விவாதித்த மாந்தருள் அவள் ஒருத்தி.

மகுடத்திற்குப் பின்

புதினம் மகுடம் சூட்டியபின் விரைவில் நிறைவடைகிறது. வரலாறு அங்கே நிற்பதில்லை. உத்தமசோழனுக்கு மதுராந்தகன் கண்டராதித்தன் என்னும் மகன் இருந்தான். உத்தமசோழனுக்குப்பின் அரசு அவனுக்குச் செல்லாமல் அருள்மொழிக்கே வந்தது. பகை மூண்டிருக்கக்கூடிய தருணம் அது. ஆனால் அந்த மகன் இராசராசனின் ஆட்சியில் கோயில் நிருவாகத்தைக் கண்காணிக்கும் உயர் அதிகாரியாகப் பணிபுரிந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. செம்பியன் மாதேவியும் இராசராசன் ஆட்சியில் மதிப்போடு வாழ்ந்து தன் திருப்பணிகளைத் தொடர்ந்தாள். இரு கிளையினரும் ஒருவரோடொருவர் எவ்வாறு பேசிக்கொண்டனர், பழைய கொலை அவர்கள் நடுவே எப்போதேனும் நினைவுகூரப்பட்டதா என்பதைச் சொல்ல எந்தச் சாசனமும் இல்லை. இன்னொரு புதினத்திற்கு இடமிருக்கிறது.

உடையார்குடிக் கல்வெட்டிலும் அதைப்போல் ஓரிடம் உண்டு. ஆணை துரோகிகளோடு நிற்கவில்லை; அவர்களுடைய உடன்பிறந்தார், பிள்ளைகள், பெண் கொடுத்தோர், பெண் எடுத்தோர் எனச் சுற்றத்தார் அனைவரின் உடைமைகளையும் பற்றி நீள்கிறது. சோழர் குடியில் உறவு ஒருவனுக்கு மகுடம் தந்தது. அதே உறவு, கொலை செய்தவனுக்கு உடன்பிறந்தான் என்பதற்காக வேறொருவனின் வீட்டையும் வயலையும் பறித்தது. விற்கப்பட்ட நிலம் பின்னர்க் கோயிலுக்கு அறக்கொடையானது. குற்றவாளிகளின் குடும்பத்தாருள் ஒரு தாயின் பெயரும் அப்பட்டியலில் வெட்டப்பட்டுள்ளது: பெரிய நங்கைச் சாணி. தன் மகன் செய்ததை அவள் அறிந்திருந்தாளா, நிலம் போனபின் எந்த ஊருக்குச் சென்றாள் என்று கல் சொல்லவில்லை. ‘பொன்னியின் செல்வனின்’ ஐந்து பாகங்களிலும் அவள் வரவில்லை.